220,000 சம்பளத்துக்குத் திருகோணமலையை விட்டுக் கொழும்புக்குப் போகலாமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

லிங்கநகர் மருமகன்
9 ஆகஸ்ட் 2025, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக நித்திரை இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வயது 32. உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கம்ப்யூட்டர், வைஃபை, கமரா எல்லாவற்றையும் பார்க்கிறேன். சம்பளம் 120,000. மனைவி மாகாணப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. பிடித்தது போகக் கைக்கு 65,000 வருகிறது. மகளுக்கு நாலு வயது. இருப்பது மனைவியின் சீதன வீடு, மாமியும் எங்களோடுதான். வாடகை என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது.

இப்போது ராஜகிரியவில் ஒரு கம்பெனி 220,000 தருகிறேன் என்கிறது. பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் என் கந்தோரில் ஒருவர், “கூடுகிற ஒரு லட்சத்தில் பாதியை அரசாங்கம் வரியாக எடுத்துவிடும், மிச்சப் பாதியை வெள்ளவத்தை வீட்டுக்காரர் எடுத்துவிடுவார்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அதே யோசனைதான்.

உண்மையில் வரி எவ்வளவு? வாடகை எவ்வளவு? மூன்று பேர் அந்தச் சம்பளத்தில் ஓரளவு வசதியாக இருக்க முடியுமா?

மூன்றாம் மாடி
9 ஆகஸ்ட், இரவு 10:15

தம்பி, நானும் திருமலைதான், பாலையூற்று. பதினொரு வருடமாகக் கொழும்பில் இருக்கிறேன். யோசிக்காமல் வாங்க.

வாடகையைச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் இரண்டு அறை உள்ள பிளாட்டுக்கு நான் 110,000 கட்டுகிறேன். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி என்று பராமரிப்புக் கட்டணம் தனியாக 9,000. தொடக்கத்தில் தெஹிவளையில் வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய ஒரு அனெக்ஸில் 55,000க்கு இருந்தோம். மேல்மாடி, வெயில் காலத்தில் அடுப்புக்குள் இருப்பது போல இருக்கும், ஆனாலும் வாழ்ந்தோம். கடற்கரைப் பக்கம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காவிட்டால் 80, 85க்கு நல்ல வீடு பார்க்கலாம். மூன்று மாத முற்பணம் கேட்பார்கள், சிலர் ஆறு மாதம். வரி பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது, வந்ததும் வெட்டிவிடுகிறார்கள்.

ஐந்தொகை
9 ஆகஸ்ட், இரவு 11:03

அந்தக் கந்தோர்க்காரர் 2023ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டார் போலிருக்கிறது. நான் சம்பளக் கணக்குப் போடுகிறவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 ஜனவரியில் வந்த முறையில் மாதம் 100,000க்கு மேல் வரி தொடங்கியது. படிகளும் குறுகல். 6, 12, 18, 24, 30, 36 வீதம் என்று மடமடவென்று ஏறும். அந்தக் காலத்தில் 220,000 எடுத்தவருக்கு மாதம் 14,100 வெட்டினோம். 300,000 எடுத்தவருக்கு 35,000. அப்போது எத்தனை டாக்டர்களும் எஞ்சினியர்களும் நாட்டை விட்டுப் போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

2025 ஏப்ரல் 1 முதல் அது மாறிவிட்டது. வருடத்துக்கு 18 லட்சம், அதாவது மாதம் 150,000 வரை வரியே இல்லை. அடுத்த 83,333க்கு 6 வீதம். அதற்குப் பிறகு 41,667 ஆக மூன்று படி: 18, 24, 30. அதற்கும் மேலே 36.

உங்கள் 220,000இல் வரிக்கு உட்படுவது 70,000 மட்டும். அதில் 6 வீதம் 4,200 ரூபாய். அவ்வளவுதான் தம்பி. ராஜகிரியவில் மத்தியானச் சோற்றுப் பார்சலுக்கு மாதம் இதைவிடக் கூடப் போகும்.

அதைவிடப் பெரிதாக வெட்டப்படுவது ஊழியர் சேமலாப நிதி. உங்கள் பங்கு 8 வீதம், 17,600. அது வரி இல்லை, உங்கள் காசுதான், ஆனால் மாதக் கடைசியில் கையில் இருக்காது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வருமான வரி கணக்கிடும்போது இந்த 8 வீதத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்பதில்லை, முழுச் சம்பளத்தின் மேல்தான் பார்ப்பார்கள். அப்புறம் முத்திரைக் கட்டணம் 25 ரூபாய்.

ஆகக் கைக்கு வருவது 198,175. இப்போது உங்களுக்கு வரி இல்லை. 120,000இல் 9,600 சேமலாபமும் 25 ரூபாய் முத்திரையும் போக 110,375. வித்தியாசம் 87,800. பாதியை வரி எடுக்கிறது என்பது கதை. வாடகை எடுக்கும் என்பது மட்டும் உண்மை.

லிங்கநகர் மருமகன்
10 ஆகஸ்ட், காலை 6:50

ஐந்தொகை அண்ணா, 4,200 என்று பார்த்ததும் மனைவியை எழுப்பிச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு இதற்கா எழுப்பினீர்கள் என்று ஏச்சு வாங்கினேன்.

கீழ்க்கட்டில்
10 ஆகஸ்ட், காலை 8:20

அண்ணா, குடும்பத்தோடு வருவதா தனியாக வருவதா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. எல்லாக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

நான் ஐந்து வருடமாகக் கொழும்பில் போர்டிங்கில் இருக்கிறேன். இரண்டு பேர் ஓர் அறை, என் பங்கு 18,000. சமைக்கக் கூடாது. ஃபிரிஜ்ஜில் ஒரு தட்டு மட்டும் எனக்கு. இரவு ஒன்பது மணிக்குக் கேற் பூட்டுவார்கள், பிந்தினால் அன்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாடகை மலிவு என்று வந்து சாப்பாட்டில் பிடிபட்டேன். காலையில் இடியப்பப் பார்சல், மத்தியானம் சோறு, பின்னேரம் ஏதாவது ஒரு சோர்ட் ஈட்ஸ், இரவு கொத்து அல்லது பாண். சிக்கனமாகச் சாப்பிட்டாலும் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல். அறை வாடகையைவிடச் சாப்பாட்டுக்குத்தான் கூடக் கொடுக்கிறேன்.

வசதி என்றால் என்ன என்று இப்போது கேட்டால், நினைத்த நேரத்தில் ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடிக்க ஓர் அடுப்பு என்றுதான் சொல்வேன்.

லிங்கநகர் மருமகன்
10 ஆகஸ்ட், பகல் 1:35

கீழ்க்கட்டில் தங்கச்சி சொன்ன பிறகு உட்கார்ந்து எழுதினேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

இப்போது இருப்பது போலவே இருந்தால்: என் 110,375, மனைவியின் 65,000. மொத்தம் 175,375. வாடகை இல்லை.

மூன்று பேரும் போனால்: மனைவிக்கு மேல் மாகாணத்துக்கு இடமாற்றம் எடுப்பது லேசில்லை. கிழக்கு மாகாணம் விட வேண்டும், மேல் மாகாணம் எடுக்க வேண்டும், ஆளுக்கு ஆள் மாற்று கிடைக்க வேண்டும். அதுவரை சம்பளமில்லா லீவு. எனவே என் 198,175 மட்டும். வீட்டுக்கு 85,000 போனால் 113,175. மகளின் முன்பள்ளி, கரண்ட், தண்ணீர், சாப்பாடு எல்லாம் அதற்குள். இங்கே இருப்பதைவிட 62,200 குறைவு!

நான் மட்டும் போனால்: 198,175 உடன் 65,000. அதில் அறைக்கு 22,000, சாப்பாட்டுக்கு 35,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து போக 8,000, அங்கே பஸ்ஸுக்கு 6,000. மொத்தம் 71,000 கழித்தால் 192,175.

அதாவது ஒரு லட்சம் சம்பள உயர்வில் வீட்டுக்கு உண்மையில் கூடுவது 16,800 ரூபாய். நான் இல்லாததால் வீட்டுச் சாப்பாட்டுச் செலவு கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்தால் இருபத்தைந்து என்று வைப்போம். இதற்காக மாதத்தில் இருபத்தாறு நாள் மகளைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் பேனையை வைத்துவிட்டேன்.

கல்லடிப் பாடுமீன்
10 ஆகஸ்ட், பின்னேரம் 4:10

மருமகன் அண்ணன், கோபிக்க வேண்டாம். உங்கள் கணக்கில் எல்லாவற்றையும் வெல்ல வைப்பது சீதன வீடு. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

நான் மட்டக்களப்பு. மாகாண சபைத் திணைக்களம் ஒன்றில் வேலை, மூன்று வருடமாகத் திருமலையில் வாடகைக்கு இருக்கிறேன். உவர்மலையில் இரண்டு அறை வீட்டுக்கு 42,000. திருமலை மலிவு என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. கிழக்கு மாகாணத்தின் தலைநகர் இது. வெளியூர் உத்தியோகத்தர், வங்கிக்காரர், ஹோட்டல்காரர் எல்லோரும் இதே நாலு தெருவில்தான் வீடு தேடுகிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போனால் இன்னொரு கூத்து. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சீசன். வீட்டுக்காரர் அறையை நாள் வாடகைக்கு வெள்ளைக்காரருக்குக் கொடுப்பார். அதனால் நமக்கு ஒக்டோபரில் வீடு தருவார், ஏப்ரலில் “தம்பி, வேறு இடம் பாருங்க” என்பார். ஒரு வருடம் அப்படி இருந்து பார்த்தேன். மழைக்காலம் முழுவதும் ஒழுக்கு வீட்டைக் காவல் காத்தது நான், வெயில் வந்ததும் குடியேறியது ஜெர்மன்காரர்.

என் சம்பளத்தில் வாடகை பாதியைத் தொடுகிறது. கொழும்பில் இருக்கும் எவரையும்விட நான் வசதியாக இல்லை.

மூன்றாம் மாடி
10 ஆகஸ்ட், பின்னேரம் 5:00

பாடுமீன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கிழக்கில் வீடு பெண்ணுக்குப் போகிறது, மருமகன் வாடகை இல்லாமல் வாழ்கிறார். நமக்குக் கிடைத்த பெரிய வரிச்சலுகை அதுதான், எந்த வரவு செலவுத் திட்டத்திலும் வராது.

கொழும்பில் வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு புத்தி. அனெக்ஸ் எடுத்தால் கரண்ட் மீற்றர் தனியா என்று முதலில் கேளுங்கள். நமது நாட்டில் யூனிற் கூடக் கூட ஒரு யூனிற்றின் விலையும் கூடும். 60 யூனிற் தாண்டினால் ஒரு வகை, பிறகு 90, 120, 180 என்று படிப்படியாக ஏறும். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே மீற்றர் என்றால் அவர் வீட்டு ஏசியும் உங்கள் இரண்டு மின்விசிறியும் சேர்ந்து கடைசிப் படியில் போய் நிற்கும். பில்லைப் பாதி பாதி பிரிப்போம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தெஹிவளையில் நான் ஒரு வருடம் அப்படி அவருடைய ஏசிக்குக் காசு கட்டினேன்.

கடலோர அன்ரி
10 ஆகஸ்ட், இரவு 8:30

வீட்டுக்காரரை எல்லோரும் திட்டுகிறீர்கள், ஒரு வீட்டுக்காரியும் பேசட்டும். எனக்கு 71 வயது, வெள்ளவத்தையில் ஒரு பிளாட் வாடகைக்கு விட்டிருக்கிறேன். மாநகர சபைக்கு ஆதன வரி, பராமரிப்புக் கட்டணம், நாலு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ற், குழாய், சுவர் ஈரம். என் மற்ற வருமானம் வங்கி வைப்பின் வட்டி. 2022, 2023இல் இருபது வீதத்துக்கு மேலும் கொடுத்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. போதாததற்கு வட்டியில் பிடிக்கும் வரியை இந்த ஏப்ரலில் 5 வீதத்தில் இருந்து 10 ஆக்கிவிட்டார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவானவர்கள் வங்கியில் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். என்னைப் போன்ற கிழடுகள் அதைத் தெரியாமல் இருக்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வட்டி குறைந்தபோது வாடகையைக் கூட்டினேன். மறைக்கவில்லை. வாடகைக்கு இருந்த பிள்ளைகள் முகம் சுருங்கியதும் தெரியும். மூன்று மாத முற்பணம் ஏன் கேட்கிறேன் என்றால், ஒருவர் இரண்டு மாத வாடகையும் கரண்ட் பில்லும் வைத்துவிட்டு டுபாய் போனார்.

தம்பலகாமம் வயல்
10 ஆகஸ்ட், இரவு 10:05

இந்த இழையில் எல்லோரும் லட்சக்கணக்கில் பேசுகிறீர்கள். தனியார் துறைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 27,000 என்று 2025 ஏப்ரலில்தான் ஆக்கினார்கள். 2026 ஜனவரியில் 30,000. என் தங்கச்சி கட்டுநாயக்காவில் கார்மென்றில் வேலை, ஓவர்டைமோடு ஐம்பதைத் தொடும். ஓர் அறையில் நாலு பேர். அவளுக்கு வருமான வரி எந்தக் காலத்திலும் வராது. ஆனால் சவர்க்காரம் வாங்கினால், ரீலோட் போட்டால், 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) அவளுக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். வரி என்றதும் சம்பளச் சீட்டை மட்டும் பார்க்கிறீர்களே, அதுதான் சொன்னேன்.

ஐந்தொகை
10 ஆகஸ்ட், இரவு 10:40

வயல் சொன்னது நான் எழுதியிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன். வற் 2024 ஜனவரியில் 15இல் இருந்து 18 ஆனது. அதற்கு முன்பே சமூகப் பாதுகாப்பு வரி என்று இரண்டரை வீதம் விலைக்குள் நுழைந்திருந்தது. இடம் மாறும்போது இதுவும் மாறும். திருமலைக் கடற்கரையில் கரைவலை வந்ததும் ஒரு கூறு சூடை மீன் வாங்கினால் பில்லும் இல்லை, வரியும் இல்லை. முருங்கைக்காய் பக்கத்து வீட்டு மதிலில் இருந்து வரும். கொழும்பில் அதே சாமானைச் சுப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் சுற்றி, பில்லோடு வாங்குவோம். வெளியே சாப்பிட்டால் பத்து வீதச் சேவைக் கட்டணமும் சேரும்.

பழைய தபால்
11 ஆகஸ்ட், காலை 5:30

கொழும்பில் அறை என்றதும் எனக்கு வேறு ஞாபகம். யுத்த காலத்தில் வாடகையை விடப் பொலிஸ் பதிவுதான் பெரிய பிரச்சினை. திருமலை அடையாள அட்டையோடு போனால் வீடு கொடுக்கவே யோசிப்பார்கள். 2007 ஜூன் 7 விடிய முன்னம் லொட்ஜுகளில் இருந்த வடக்கு கிழக்குத் தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. வெளிநாட்டுக்குப் போகப் பத்திரம் சரிபார்க்க வந்த என் மச்சினன் அந்த வாரம் கொட்டாஞ்சேனையில் இருந்தான். இன்றைக்கும் கொழும்பில் அறை எடுத்தால் வாசலுக்குப் பக்கத்து அறை வேண்டாம் என்பான்.

இப்போது கணக்கு மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடிய காலம். நல்ல விஷயம்தான், பாருங்கள் பிள்ளைகள்.

பாலத்தடி
11 ஆகஸ்ட், காலை 10:15

அஸ்ஸலாமு அலைக்கும், கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன். 2009இல் பாலம் திறக்கும்வரை திருமலை டவுனுக்குப் போகவே பாதையில் (ஃபெரியில்) ஏறிக் கடக்க வேண்டும். அந்த ஊரில் இருந்துகொண்டு இப்போது நெதர்லாந்துக் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைற் செய்கிறேன். கொழும்புச் சம்பளம், கிண்ணியாச் செலவு.

வரி பற்றி: முன்பு வெளிநாட்டில் இருந்து வங்கி வழியாக வரும் இந்தக் காசுக்கு வரி விலக்கு இருந்தது. 2025 ஏப்ரலில் இருந்து அது இல்லை, ஆனால் கூடியது 15 வீதம்தான், 36 வரை ஏறாது. சம்பளக்காரர் போல யாரும் பிடித்துக் கட்ட மாட்டார்கள். நாமே தவணைக்குத் தவணை கட்டி, நவம்பர் 30க்குள் விவரத்திரட்டும் கொடுக்க வேண்டும்.

குறையும் சொல்கிறேன் நானா. சேமலாப நிதி இல்லை. லீவு இல்லை. போன நோன்பு மாதம் இரண்டு வாடிக்கையாளர் ஒன்றாக நின்றுவிட்டார்கள். ஒரு லோன் கேட்டு வங்கிக்குப் போனால், சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள். உங்கள் தொழில் கம்பி இழுக்கிற தொழில் என்றால் வீட்டில் இருந்து செய்யவும் முடியாது. ஆனாலும் அந்தக் கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள், மாதத்தில் ஒரு கிழமையாவது வீட்டில் இருந்து செய்யலாமா என்று.

லிங்கநகர் மருமகன்
12 ஆகஸ்ட், இரவு 7:55

நியமனக் கடிதத்தின் வரைவு இன்று வந்தது. 220,000 என்று சொன்னார்கள் இல்லையா? கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 110,000. மிச்சம் 110,000 “ஊக்கப் படி, தொடர்பாடல் படி, போக்குவரத்துப் படி” என்று மூன்று பகுதியாக இருக்கிறது. கேட்டால், கைக்குக் கூட வரும் தம்பி, நல்லதுதானே என்கிறார்கள். இது நல்லதா?

ஐந்தொகை
12 ஆகஸ்ட், இரவு 8:40

கைக்குக் கூட வரும் என்பது உண்மை. அடிப்படைக்கு மட்டும் சேமலாபம் பிடித்தால் உங்கள் 8 வீதம் 8,800 ஆகிவிடும். வரி மாறாது, படிகளும் காசுதான், அதே 4,200. கைக்கு 206,975. முன்பு சொன்னதைவிட 8,800 கூடுதல்.

இனி மறுபக்கம். முழுச் சம்பளத்துக்குப் போட்டிருந்தால் முதலாளி சேமலாபத்துக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆக 33,000 தன் சட்டைப்பையில் இருந்து போட வேண்டும். இப்போது 16,500 போட்டால் போதும். உங்கள் கையில் வந்த 8,800 உங்கள் காசுதான். அவர் போட வேண்டிய 16,500தான் காணாமல் போனது, மாதா மாதம்.

இன்னும் பாருங்கள். இப்போது ஹோட்டலில் 120,000க்கு எல்லா நிதிக்கும் சேர்த்து மாதம் 27,600 போகிறது. கொழும்பில் அந்தக் கடிதப்படி 25,300. ஒரு லட்சம் கூடிய வேலையில் முதுமைக்குச் சேர்வது குறைகிறது! ஐந்து வருடம் முடித்துப் போகும்போது பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று வரும். அதையும் பெரும்பாலும் அடிப்படையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். நாளைக்குச் சம்பள உயர்வு பத்து வீதம் என்றாலும் எதன் மேல் பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமலாபச் சட்டத்தில் வாழ்க்கைச் செலவுப் படி, உணவுப் படி, கமிஷன் போன்றவையும் சம்பாத்தியத்துக்குள் வரும். ஓவர்டைம் வராது. பெயரை மாற்றிப் படி என்று எழுதிவிட்டால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போனால் அது அவ்வளவு லேசாக முடியாது. நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். கையெழுத்து வைக்க முதல் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: அடிப்படையைக் கூட்டித் தர முடியுமா?

மூன்றாம் மாடி
12 ஆகஸ்ட், இரவு 9:30

எல்லோரும் இந்த மாதக் கணக்கையே பார்க்கிறீர்கள். நான் 2014இல் வந்தது 45,000க்கு. அப்போதும் ஊரில் இருந்தால் மிச்சம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திருமலையில் ஒரு ஹோட்டலில் நெட்வேர்க் பார்க்கிறவர் மூன்று வருடத்தில் எங்கே போவார்? அதே ஹோட்டலின் அடுத்த மாடிக்கு. கொழும்பில் அதே ஆள் மூன்று வருடத்தில் 350,000க்குப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐந்தொகை
12 ஆகஸ்ட், இரவு 9:48

போவார்கள், மறுக்கவில்லை. ஆனால் வரி தன் முகத்தைக் காட்டுவதும் அங்கேதான். 350,000க்கு மாதம் 32,500. இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் ஏறினால் அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 36 ரூபாய்.

மூன்றாம் மாடி
12 ஆகஸ்ட், இரவு 9:55

கட்டுவோம். வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் வருவது ஒரு குறையா?

மருமகனின் மனைவி
13 ஆகஸ்ட், இரவு 10:20

மூன்று நாளாக இவர் போனுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார், எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் வணக்கம். கணக்கெல்லாம் நன்றாக இருக்கிறது. ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.

என் 65,000 உங்கள் கணக்கில் வெறும் ஓர் இலக்கம். எனக்கு அது ஒன்பது வருடச் சேவை. சம்பளமில்லா லீவு எடுத்தால் சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் பின்தள்ளும், ஓய்வூதியக் கணக்கிலும் இடிக்கும். அதை யாரும் கழித்துப் பார்க்கவில்லை.

மகள் 2027 ஜனவரியில் முதலாம் தரம். அடுத்த வருடம் விண்ணப்பம் போட வேண்டும். பாடசாலைக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறோம் என்பதற்குத்தான் புள்ளி, அதற்கு ஐந்து வருட வாக்காளர் இடாப்புப் பார்ப்பார்கள். இங்கே என் பெயர் பதினாலு வருடமாக இதே விலாசத்தில் இருக்கிறது. சண்முகா பெண்கள் பாடசாலைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். கொழும்பில் போன மாதம் குடிவந்த வாடகைக்காரருக்கு எந்த நல்ல அரசாங்கப் பாடசாலை கதவைத் திறக்கும்? பிறகு சர்வதேசப் பாடசாலை என்று தவணைக்குக் கட்ட வேண்டும். மூன்றாம் மாடி அண்ணா, உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கலாமா?

இவர் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே இருந்தால் நாற்பது வயதில் நான் போகவே இல்லையே என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். ஒரு வருடம் தனியாகப் போகட்டும். அடிப்படைச் சம்பளத்தை ஒழுங்காகப் போட்டுத் தர வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும், வரும்போது உடுப்பைக் கழுவாமல் மூட்டையாகக் கொண்டு வரக் கூடாது. நானும் மகளும் வர மாட்டோம்.

மூன்றாம் மாடி
13 ஆகஸ்ட், இரவு 10:41

சர்வதேசப் பாடசாலைதான் தங்கச்சி. இரண்டு பேருக்கும். அதனால்தான் இன்னும் வாடகை வீடு.

கீழ்க்கட்டில்
13 ஆகஸ்ட், இரவு 10:44

அக்காவுக்கு ஒரு சலூட். உடுப்பு மூட்டை விஷயத்தைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

லிங்கநகர் மருமகன்
22 ஆகஸ்ட், இரவு 8:10

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐந்தொகை அண்ணா எழுதித் தந்த மாதிரியே மின்னஞ்சல் போட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை, கை கழுவிவிட்டார்கள் என்று நினைத்தேன். நேற்று வந்தது. அடிப்படை 180,000, படி 40,000. மாதத்தில் ஒரு கிழமை வீட்டில் இருந்து என்பதற்கு, ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார்கள். கைக்கு 201,375 வருகிறது, நானே கணக்குப் போட்டேன், சரிதானே?

ஹோட்டலிலும் சொன்னேன். 20,000 கூட்டித் தருகிறேன், இரு என்றார் முதலாளி. நாலு வருடமாகக் கேட்டபோது இல்லாத 20,000. அதைக் கேட்டதும்தான் போவதென்று முடிவெடுத்தேன்.

ஐந்தொகை
22 ஆகஸ்ட், இரவு 8:32

சரி. 14,400 சேமலாபம், 4,200 வரி, 25 முத்திரை. நிதிகளுக்கு மாதம் 41,400 சேரும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் இங்கே போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

மூன்றாம் மாடி
22 ஆகஸ்ட், இரவு 9:05

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆண்கள் போர்டிங்கில் இடம் இருக்கிறது. 22,000, மூன்று மாத முற்பணம், கரண்ட் அதற்குள்ளேயே. ராஜகிரியவுக்கு இரண்டு பஸ். கட்டில் மேல்கட்டில்தான்.

லிங்கநகர் மருமகன்
22 ஆகஸ்ட், இரவு 9:11

மேலேயே ஏறிக்கொள்கிறேன் அண்ணா. 31ஆம் திகதி இரவு பஸ்ஸில் வருகிறேன். மாமி கணவாய் கொஞ்சம் தந்துவிடப் போகிறாராம்.

மூன்றாம் மாடி
22 ஆகஸ்ட், இரவு 9:13

ஐஸ் நிறையப் போடச் சொல்லுங்கள். ஹபரணையில் யானை நின்றால் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாது.